தொப்பியும் பூட்ஸும்: டெவன் மண்வீட்டுக் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பக்கம் ஒரு பழைய பேச்சு உண்டு: காப் சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல பூட்ஸும் போட்டுவிட்டால் அது என்றைக்கும் நிற்கும். தொப்பி என்பது கோதுமைத் தாள் வேய்ந்த கூரை. பூட்ஸ் என்பது மண்சுவருக்கு அடியில் இருக்கும் கல் பீடம். இந்தப் பேச்சு தோன்றிய காலத்தில் சட்டையைப் பற்றிச் சொல்லத் தேவை இருந்திருக்காது. எல்லாரும் சுண்ணாம்புதான் பூசினார்கள். இருபதாம் நூற்றாண்டில் இந்த வீடுகளுக்கு சிமென்ட் சட்டை மாட்டினார்கள். கீழே வரும் கோளாறுகளில் பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் கடைசியாகக் கை வைத்தவர் என்ன செய்தார்?

காப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அதற்கடியில் இருக்கும் களி கலந்த மண்ணைத் தோண்டி, வைக்கோலும் தண்ணீரும் சேர்த்து, ஆட்களோ மாடுகளோ மிதித்துப் பதமாக்கிய கலவை. பலகை அச்சு கிடையாது. கவைக்கோலால் அள்ளிக் கல் பீடத்தின் மேல் வைத்து, மேலே ஏறி நின்று மிதிப்பார்கள். ஒன்றிரண்டு அடி உயரம் ஒரு படை. அது இறுகச் சில வாரம் விட்டு, அடுத்த படை. பிதுங்கியதைத் தட்டையான இரும்புக் கருவியால் சீவி எடுப்பார்கள். சுவரின் கனம் பெரும்பாலும் இரண்டடி, சில வீடுகளில் மூன்று. பனிக்காலத்தில் வேலை நடக்காது என்பதால் மாடி வீடு முடிய இரண்டு ஆண்டுகூட ஆகும். இப்படிக் கட்டியது குடிசைகளை மட்டுமல்ல. முதலாம் எலிசபெத் காலத்துக் கடலோடி வால்டர் ராலி பிறந்த ஹேய்ஸ் பார்ட்டன் என்ற பண்ணை வீடும் காப் சுவரும் தாள் கூரையும் கொண்டதுதான். கிழக்கு பட்லி அருகே இன்றும் நிற்கிறது.

சுடாத மண் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. உலர்ந்திருக்கும்வரை இரண்டு மாடியைத் தாங்கும். நன்றாக நனைந்தால் பழையபடி சேறு.

சுவரின் அடிப்பகுதி வயிறு தள்ளியதுபோல் பிதுங்கி நிற்கிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்றவை எல்லாம் மாதக்கணக்கில் பொறுக்கும், இது பொறுக்காது. பீடத்துக்குச் சற்று மேலே பிதுக்கம், அதையொட்டிப் படுக்கைவாட்டில் புதிய விரிசல், பூச்சு உதிர்ந்த இடத்தில் விரலால் அழுத்தினால் மண் குழைகிறது. இவை சேர்ந்து தெரிந்தால் அந்தச் சுவரை ஒட்டிய அறையில் இன்றிரவு யாரும் படுக்க வேண்டாம். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் அடிமண் தன் தலைமேல் இருக்கும் பாரத்தைத் தாங்காமல் சரியும். அப்போது சுவர் கொஞ்சம் கொஞ்சமாக உதிராது. பல டன் மண் ஒரே மூச்சில் இறங்கும்.

மண் கட்டடம் தெரிந்த கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை வெளிப்பூச்சை உடைத்துப் பார்க்காதீர்கள். சில வீடுகளில் அந்தச் சிமென்ட் ஓடுதான் ஈரச் சுவரைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். முதலில் முட்டு, அப்புறம்தான் உளி.

எங்கள் கிராமத்தில் ஒரு தொழுவச் சுவர் பிப்ரவரி மழையில் இப்படி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். சிமென்ட் பூச்சு பெரிய பெரிய தகடாக முழுசாகக் கிடந்தது, வெளிப்பக்கம் பார்க்க அப்போதும் அழகாகத்தான் இருந்தது. அதன் பின்னால் இருந்தது கூழ்.

பூச்சைத் தட்டினால் கூடாகச் சத்தம் வருகிறது. மயிரிழை விரிசல்கள் ஓடுகின்றன

முதலில் அது என்ன பூச்சு என்று தெரிந்துகொள்ளுங்கள். கண்ணில் படாத ஓர் ஓரத்தில் ஆணியால் கீறுங்கள். சுண்ணாம்பு என்றால் பொடி உதிரும். சிமென்ட் என்றால் ஆணி வழுக்கும், சாம்பல் நிறக் கோடு விழும்.

போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-இல். அப்போது டெவன் கிராமங்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதே நூற்றாண்டில் காப் தொழிலுக்கு வேறு பக்கத்திலிருந்து அடி விழுந்தது. 1784-இல் போட்ட செங்கல் வரி 1850-இல் நீங்கியது. ரயில் வந்தது, சுட்ட செங்கலும் வேல்ஸ் நாட்டு ஸ்லேட் ஓடும் மலிந்தன. மண்ணால் கட்டுவது இல்லாதவர் வேலை என்ற எண்ணம் வந்து, முதல் உலகப் போருக்குள் புதுக் காப் வீடு என்பதே அபூர்வமாகிவிட்டது. கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் கிம்சன் 1910 வாக்கில் பட்லி சால்ட்டர்ட்டனில் கட்டிய காக்ஸன் போன்ற வீடுகள் விதிவிலக்கு. கட்டத் தெரிந்த கைகள் போனபின், பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் போயின. இரண்டாம் போருக்குப் பின் வந்த கொத்தனார்களுக்குத் தெரிந்தது சிமென்ட்தான், அவர்கள் மண்ணையும் சிமென்ட்டால் மூடினார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. சில ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளையடிக்கும் தொல்லை போயிற்று என்று வீட்டுக்காரர்களும் மகிழ்ந்திருப்பார்கள்.

கோளாறு நடக்கும் விதம் இது. காப் ஈரத்துக்கு ஏற்ப லேசாக உப்பும், சுருங்கும். சிமென்ட் அசையாது. அதனால் இரண்டும் பிரிந்து நடுவில் காற்று நிற்கிறது. அதுதான் அந்தக் கூடான சத்தம். பிறகு பூச்சில் மயிரிழை விழுகிறது. மழை அந்த இழைகளில் தானாகவே உறிஞ்சப்பட்டு உள்ளே போகிறது, ஆனால் ஆவியாக வெளியே வர அதே இழைகள் போதாது. உள்ளே போனது பூச்சின் பின்பக்கமாக இறங்கி, பாரம் அதிகம் தாங்கும் அடிப்பகுதியில் சேர்கிறது. விரிசலை சிமென்ட் பசையால் அடைத்து மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது வியர்ப்பவனுக்கு மழைக்கோட்டின் மேல் இன்னொரு மழைக்கோட்டு.

செய்ய வேண்டியது: மே, ஜூனில் தொடங்குங்கள். பிதுக்கம் இல்லை என்று உறுதியான பிறகு, சுவரின் அடியில் கூடாகக் கேட்கும் ஓர் இடத்தில் ஒரு மீட்டர் சதுரம் மட்டும் உளியால் எடுங்கள். அதிர்வு எந்திரம் வேண்டாம். பூச்சு தானாகக் கழன்று வந்தால் மெதுவாகத் தொடரலாம். காப் மண்ணையும் கட்டிகட்டியாகப் பிய்த்துக்கொண்டு வந்தால் நிறுத்துங்கள். அந்த இடத்தில் பூச்சை எடுப்பதால் வரும் சேதம் விடுவதால் வருவதைவிட அதிகம். திறந்த சுவரை மழை படாமல் தார்ப்பாய் சாய்த்துக் காய விடுங்கள், ஆனால் பாய் சுவரில் ஒட்டக் கூடாது. ஒரு கோடை முழுவதும் தேவைப்படலாம். இந்தப் பொறுமைதான் எல்லாருக்கும் கஷ்டம்.

காய்ந்தபின் பள்ளங்களை நிரப்பும்போது ஈரமான காப் கலவையை அப்படியே அப்பாதீர்கள். அது காய்ந்து சுருங்கிச் சுற்றிலும் இடைவெளி விடும். அதே மாதிரி மண்ணில் முன்பே செய்து உலர்த்திய கட்டிகளை மண்சாந்தில் வைத்துக் கட்டுவதுதான் சரி. செங்கல்லும் சிமென்ட்டும் வைத்து அடைத்தால் கெட்டியான துண்டுக்கும் மெத்தென்ற மண்ணுக்கும் நடுவே ஈரம் தங்கி, பத்து ஆண்டில் அந்தத் துண்டு மட்டும் தனியே நிற்கும். மேலே சுண்ணாம்புப் பூச்சு. அதற்கு மேல் பால்போல் நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பு நான்கைந்து கை. பச்சைச் சுண்ணாம்பில் உறைபனி விழுந்தால் வேலை முழுக்க வீண், ஆகவே செப்டம்பருக்குள் முடியாதென்றால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த வீடுகளில் நிறைய, பாரம்பரியக் கட்டடங்களுக்கான அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை அனுமதியில்லாமல் மாற்றுவது இங்கிலாந்தில் குற்றவியல் சட்டப்படியே குற்றம். பூச்சை முழுவதும் மாற்றும் முன் கவுன்சிலில் இருக்கும் பாரம்பரியக் கட்டட அலுவலரிடம் பேசிவிடுங்கள். சிமென்ட்டை எடுத்துச் சுண்ணாம்பு போடப்போகிறேன் என்றால் பெரும்பாலும் சந்தோஷப்படுவார்.

உள்பக்கம் முழங்கால் உயரம் வரை ஓதம். உப்புப் பூத்துச் சுண்ணாம்பு பொரிகிறது

பார்த்தவுடன் ஓதம் ஏறுகிறது என்பார்கள். மின்முள் இரண்டைச் சுவரில் குத்தி எண்ணைக் காட்டும் கருவியோடு ஒருவர் வருவார். அந்தக் கருவி மரத்துக்குச் சரி. உப்பு ஏறிய மண்சுவரில் ஈரம் குறைவாக இருந்தாலும் மானாவாரியாக எண் காட்டும். நான் வீடு வாங்கிய புதிதில் ஒரு நிறுவனம் இப்படி அளந்து, சுவரில் வரிசையாகத் துளையிட்டு ரசாயனம் செலுத்த வேண்டும் என்று விலைப்பட்டியல் கொடுத்தது. மண்சுவருக்கு ஊசி போடுவதால் நடப்பது ஒன்றுமில்லை, துளைகள் மிஞ்சும். உண்மையான அளவு வேண்டுமென்றால் சுவரின் ஆழத்திலிருந்து கொஞ்சம் மண்ணைத் துளைத்தெடுத்து, எடை போட்டு, உலர்த்தி, மறுபடி எடை போட வேண்டும். சமையலறைத் தராசும் அடுப்பும் போதும்.

அப்புறம் வெளியே போய் அதே இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கே கிடக்கும். முந்நூறு ஆண்டாகச் சாலையும் தோட்டமும் மெல்ல உயர்ந்துகொண்டே வந்திருக்கும். பூட்ஸின் விளிம்புக்கு மேல் மண் ஏறியிருக்கும். பூச்செடிப் பாத்தியைச் சுவரோடு சேர்த்துப் போட்டிருப்பார்கள். கார் நிறுத்த கான்கிரீட் தளம் போட்டு, அதன் சரிவு வீட்டைப் பார்த்து இருக்கும். தாள் கூரைக்கு மழைநீர்ப் பீலி கிடையாது. இறவாணம் நன்றாக வெளியே நீண்டு தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளிச் சொட்டவிடும். அது சொட்டும் இடத்தில் கான்கிரீட் இருந்தால் துளிகள் தெறித்துச் சுவரின் அடியை நனைக்கும்.

மண்ணை இறக்குங்கள். பீடத்தின் கல் குறைந்தது ஒன்றரை அடியாவது வெளியே தெரிந்தால் நல்லது. சொட்டும் இடத்தில் சரளைக்கல் பரப்புங்கள். வாய்க்கால் வெட்ட வேண்டுமென்றால் சுவரிலிருந்து தள்ளி, பீடத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமல் வெட்டுங்கள். இந்த வீடுகளுக்கு நாம் நினைக்கிற மாதிரி அஸ்திவாரம் இருக்காது. கல் பீடம் பல இடங்களில் கெட்டித் தரையில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆழத் தோண்டினால் வீடு பள்ளத்தை நோக்கி நகரும்.

வெளியே எல்லாம் சரியாக இருந்தால் தரையைப் பாருங்கள். பழைய தரை மண்ணோ, சுண்ணாம்புச் சாம்பலோ, கல் பாவியதோ. அதன் வழியாக நிலத்து ஈரம் பரவலாக ஆவியாகிக்கொண்டிருந்தது. அதைப் பெயர்த்து பிளாஸ்டிக் தாள் விரித்து கான்கிரீட் போட்டவுடன், அத்தனை ஈரமும் ஓரம் தேடிச் சுவருக்குப் போகிறது.

உள்சுவரில் கறுப்புப் பூஞ்சை, அறையில் பழைய மூட்டை வாடை

வினைல் பெயின்ட், ஜிப்சம் பூச்சு, மூடிவைத்த கணப்பு, ஒட்டிவைத்த ஜன்னல். நான்கில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஜன்னலைத் திறந்து, கணப்பின் வாயைத் திறந்துவிட்டு, பெயின்ட்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தால் பெரும்பாலும் ஒரு குளிர்காலத்தில் சரியாகும்.

மூலையில் மேலிருந்து கீழாக விரிசல்

காப் சுவரின் பலவீனம் மூலைதான். இரண்டு பக்கத்துப் படைகளும் மூலையில் சரியாகப் பின்னவில்லை என்றால் காயும்போதே பிரியும். வெளி மூலைகள் உருண்டையாக இருப்பதற்கு அழகு மட்டும் காரணமல்ல. கூரான மூலை வண்டிச் சக்கரம் இடித்தாலே உடையும்.

பழைய விரிசலா, இப்போதும் நகர்வதா என்பதே கேள்வி. உள்ளே தூசியும் சிலந்தி வலையும் பல கை வெள்ளையும் இருந்தால் அது உங்கள் தாத்தா காலத்து விரிசல், நிறைத்துப் பூசிவிடலாம். விளிம்பு கூராகவும் உள்ளே புதுமண் நிறமாகவும் இருந்தால் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஓராண்டு பாருங்கள், ஏனென்றால் கோடையில் திறந்து குளிர்காலத்தில் மூடுகிற விரிசலும் உண்டு. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் பார்வையைக் கூரைக்கு உயர்த்துங்கள். கைமரங்களைக் கட்டி இழுக்கும் குறுக்கு மரத்தை மாடி அறைக்குத் தலையிடிக்கிறது என்று எப்போதோ யாரோ அறுத்திருப்பார்கள். கட்டு விட்டதும் கைமரங்கள் காலை அகட்டிச் சுவரை வெளியே தள்ளும். கட்டைத் திரும்பப் போடாமல் விரிசலை மட்டும் தைத்தால் பக்கத்தில் புது விரிசல் வரும்.

மாடியில் ஒழுகுகிறது

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தேடாதீர்கள். தாள் கூரையில் தண்ணீர் சரிவாகவே பயணிக்கும். நல்ல கூரையில் மழை மேலே ஓரிரு அங்குலம்தான் நனைக்கும், மிச்சம் தாளிலிருந்து தாளுக்குத் தாவி இறவாணம் சேரும். இதற்குத்தான் 45 முதல் 50 பாகை வரை செங்குத்தான சரிவு வைத்தார்கள். சரிவு குறையும் இடங்கள், இரண்டு சரிவு சந்திக்கும் மடிப்புகள், ஜன்னலுக்கு மேல் புருவம்போல் வளையும் பகுதி, புகைபோக்கியின் பின்புறம்: இங்கே முதலில் பாருங்கள். புகைபோக்கியைச் சுற்றிப் பூசிய சிமென்ட் விளிம்பு பிளந்திருந்தால் பெரும்பாலும் அதுதான் திருடன்.

அடுத்து முகடு. முகடு மற்றக் கூரையைவிட வேகமாகத் தேயும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது செலவுக் கணக்கில் எப்போதும் இருக்க வேண்டியது. கூரை முழுவதுமே தேய்ந்துவிட்டதா என்று தரையிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். தாளைப் பிடித்து வைக்க, பிளந்த ஹேசல் மரக் குச்சியை நடுவில் முறுக்கிக் கொண்டை ஊசிபோல் மடக்கிக் குத்துவார்கள். புதுக் கூரையில் இவை உள்ளே மறைந்திருக்கும். சரிவில் அங்கங்கே இந்தக் குச்சிகள் வெளியே தெரிகின்றன என்றால் நேரம் நெருங்கிவிட்டது. பாசி படிந்திருப்பது மட்டும் ஒழுகலுக்குக் காரணமல்ல. அதைச் சுரண்டப் போனால் தாளும் சேர்ந்து வரும். மேலே கவியும் மரக்கிளையை வெட்டினாலே வெயில் அதைக் கவனித்துக்கொள்ளும்.

கூரை வேய்பவரிடம் பேசும்போது ஒரு குழப்பம் வரும். டெவனில் ரீட் என்றால் நாணல் அல்ல. சீவி ஒழுங்குபடுத்திய கோதுமைத் தாள். நாணலுக்கு அங்கே தண்ணீர் ரீட் என்பார்கள். விலைப்பட்டியலில் எது என்று எழுதி வாங்குங்கள். கோதுமைத் தாள் 25 முதல் 40 ஆண்டு, நாணல் அதைவிடக் கூடுதல் என்பது பொதுக் கணக்கு. ஆனால் பட்டியலில் உள்ள வீட்டில் தாளை எடுத்துவிட்டு நாணல் போட அனுமதி தேவைப்படும், சுலபமாகக் கிடைக்காது. தாள் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். அறுவடை எந்திரம் தாளை நொறுக்கிவிடும் என்பதால் கூரைக்கென்றே மாரிஸ் விட்ஜன் போன்ற உயரமான பழைய ரகங்களைப் பயிரிட்டுப் பழைய முறையில் அறுக்கிறார்கள். நைட்ரஜன் உரம் அதிகம் போட்ட தாள் சீக்கிரம் மக்கும்.

அவர் எல்லாவற்றையும் பிய்த்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றால் கொஞ்சம் நிறுத்துங்கள். மேலே மட்டும் அழுகியதை எடுத்து, பழைய படுகையின் மேல் புதுத் தாள் வேய்வதே இங்கே வழக்கம். அப்படி அடுக்கு மேல் அடுக்காகச் சேர்ந்துதான் சில கூரைகள் ஒரு மீட்டர் கனம் தாண்டியிருக்கின்றன. டார்ச்சோடு பரணில் ஏறி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தாளும் வரிச்சும் கரியாகக் கறுத்திருந்தால் நீங்கள் பார்ப்பது இடைக்காலத்தை. அந்தக் காலத்து வீட்டில் மாடியும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. கூடத்தின் நடுவே தரையில் நெருப்பு, புகை மெல்லக் கூரை வழியே கசிந்தது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் புகைபோக்கி வைத்து மாடி போட்டபோது அந்தக் கரி அப்படியே பரணில் அடைபட்டது. ஐந்நூறு ஆண்டுக்கு முன் டெவனில் என்ன கோதுமை, என்ன ரை தானியம், வயலில் என்ன களை என்பதை இந்தத் தாள்களிலிருந்து ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.

புகைபோக்கி அருகே தாள் வழக்கத்துக்கு மாறாகக் கருகிய நிறம்

அடுப்பை அணையுங்கள், இன்றே. தாள் கூரை தீப்பிடித்தால் மேலே தண்ணீர் பீய்ச்சிப் பெரிய பலன் இல்லை. மழையை வழியவிடும் அதே கூரை தீயணைப்புத் தண்ணீரையும் வழியவிடும். கூரையைப் பிய்த்து இடைவெளி உண்டாக்கித்தான் தீயை நிறுத்துவார்கள். பழைய திறந்த கணப்புக்குள் நவீன விறகு அடுப்பை வைத்த வீடுகளில் ஆபத்து கூடுதல்: புகை வேகமாக மேலேறித் தீப்பொறியைக் கூரைமேல் துப்பும். ஆண்டுக்கு இரண்டு முறை புகைபோக்கியைத் துடைக்கச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்த விறகு மட்டும் எரியுங்கள். காகிதமும் அட்டையும் எரிந்தபடியே மேலே பறக்கும், போடாதீர்கள். புகைபோக்கியின் வாய் தாளின் மேற்பரப்பிலிருந்து ஆறடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். பல முறை வேய்ந்து கூரையின் கனம் ஏற ஏற, அந்த ஆறடி யாரும் கவனிக்காமலே மூன்றடியாகியிருக்கும்.

கதவு நிலை கோணல், மாடித் தரையில் கோலிக்குண்டு ஓடுகிறது

கோளாறு அல்ல. கட்டில் காலுக்கு ஒரு கட்டை வையுங்கள்.

சுவரில் ஓட்டைகள்

ஓட்டையின் அளவைப் பாருங்கள். இரண்டு விரல் நுழையும் என்றால் எலி. மண்ணோடு மிதித்த வைக்கோலில் மிச்சமிருந்த தானியத்துக்காகவும் கதகதப்புக்காகவும் உள்ளே போய், சுவரின் நடுவில் தெருத்தெருவாக வளை வெட்டிவிடும். வெளியே ஓர் ஓட்டை தெரிந்தால் உள்ளே பல முழம் இருக்கலாம். எலியை ஒழித்தபின் வளையைத் திறந்து, மேலே சொன்ன மண்கட்டிகளால் நிறையுங்கள்.

பென்சில் கனத்தில் நிறைய ஓட்டைகள், தெற்கு பார்த்த சுவரில் வெயில் படும் இடத்தில், மார்ச் மாதம் அங்கே கறுப்பாக ஒன்று ரீங்கரித்துக்கொண்டு நுழைகிறது என்றால் அது காலில் முடி அடர்ந்த ஒருவகைத் தேனீ. கூட்டமாக வாழாது, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு துளை குடையும். கொட்டுவது அரிது. பூச்சு உதிர்ந்து திறந்துகிடக்கும் காப்தான் அதற்குப் பிடித்த இடம், ஆகவே அதுவும் ஒரு விதத்தில் பழுது அறிக்கைதான். மருந்து அடிக்க வேண்டாம். ஜூன் முடிவில் பறப்பது நின்றுவிடும், ஆனால் குஞ்சுகள் அடுத்த வசந்தம்வரை துளைக்குள் இருக்கும். எங்கள் தெற்குச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு போட்டபோது தொழுவத்துப் பக்கம் இரண்டடி மட்டும் வெறும் மண்ணாக விட்டுவிட்டோம். பூச வந்தவர் அதைச் சோம்பேறித்தனம் என்றார்.